மாப்பிள்ளை இல்லாத வரவேற்பு: ரூபன்ஸ் ஓவியத்தின் முன் ஒரு மொழி வகுப்பு (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில், புலம்பெயர்ந்து வந்த பெண்களுக்கு வாரம் இருமுறை பிரெஞ்சு மொழி வகுப்பு நடக்கிறது. நான் அங்கே ஊதியமில்லாத துணையாளர். வகுப்பு ஆசிரியை பிரெஞ்சுக்காரர். அவருக்கும் மாணவிகளுக்கும் நடுவில் நின்று, சொல் தட்டுப்படும் இடத்தில் தமிழில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மாணவிகள் 11 பேர், எல்லோரும் ஈழத்தவர். இளையவருக்கு 26 வயது, மூத்தவருக்கு 67. பெரும்பாலோர் கல்யாணமாகி வந்தவர்கள். மாப்பிள்ளை இங்கே, பெண் அங்கே, நடுவில் ஒரு புகைப்படம் என்று பேசி முடித்த கல்யாணங்கள் அவற்றில் பல.

ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பை லூவர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். பார்த்துவிட்டு வந்து, இறந்தகாலத்தில் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். கடந்த ஆண்டு படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 90 நிமிடத்தில் 12 படங்கள் என்று பட்டியல் போட்டேன். கோளாறு அந்தப் பட்டியலிலேயே தொடங்கியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பட்டியலில் ஏழாவதாக இருந்த படம்தான் இந்த ஆய்வின் பொருள்: பதினேழாம் நூற்றாண்டு பிளெமிஷ் ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ் வரைந்த, பிரான்சின் அரசியாகும் மரி த மெடிசி மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கும் காட்சி.

படமும் அதன் கதையும்

பிரான்சின் அரசர் நான்காம் ஹென்றிக்கும் புளோரன்ஸ் நகரின் மரி த மெடிசிக்கும் 1600 அக்டோபர் 5 அன்று புளோரன்ஸில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய இடத்தில் நின்று மோதிரம் போட்டவர் பெண்ணின் சித்தப்பா, டஸ்கனியின் பெருங்கோமகன். நவம்பர் 3 அன்று பெண் மார்செயில் இறங்கினார். அங்கேயும் மாப்பிள்ளை இல்லை. அவர் சவோய்க் கோமகனோடு போரில் இருந்தார். இருவரும் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டது டிசம்பரில், லியோன் நகரில். பெண்ணோடு வந்த சீதனம் 600,000 எக்கூ என்ற அக்காலப் பிரெஞ்சு நாணயம். அதில் ஒரு பகுதி, மெடிசி வீட்டாரிடம் அரசர் பட்டிருந்த கடனைக் கழித்துக்கொண்ட கணக்கு.

இதை ஓவியமாக்கச் சொன்னவர் அரசரோ மார்செய் நகரத்தாரோ அல்ல. மணப்பெண்ணேதான், அதுவும் 20 ஆண்டுகள் கழித்து. இடையில் நிறைய நடந்திருந்தது. 1610இல் ஹென்றி கொலையுண்டார். சிறுவனான மகனுக்காக மரி ஆட்சி செய்தார். வளர்ந்த மகன், பதின்மூன்றாம் லூயி, 1617இல் தாயைத் தலைநகரை விட்டு அனுப்பி ப்ளுவா கோட்டையில் வைத்தான். 1619இல் அவர் அங்கிருந்து தப்பினார், பிறகு சமாதானமானது. 1622 பிப்ரவரியில் தன் புது மாளிகைக்காக ரூபன்ஸிடம் வேலையை ஒப்படைத்தபோது, மரி மகனிடம் விட்ட இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாய். அந்த லுக்சம்பர்க் மாளிகையில் இன்று செனட் சபை கூடுகிறது. கப்பலில் இருந்து இறங்கும் இருபதுகளின் பெண்ணை வரையச் சொன்னவருக்கு அப்போது வயது நாற்பதுகளின் பிற்பாதி.

மொத்தம் 24 ஓவியங்கள். இது 394 சென்டிமீட்டர் உயரம், 295 அகலம். மேலே புகழின் உருவம் இரண்டு எக்காளங்களை ஒன்றாக ஊதிக்கொண்டு பறக்கிறது. நடுவில், வெள்ளிப் பட்டுடுத்திய மரி கப்பலின் இறங்குபலகையில் வருகிறார். பக்கத்தில் அவருடைய அக்காவும் சித்தியும். கப்பல் விளிம்பில் மால்டா வீரர் அணியைச் சேர்ந்த ஒருவர், கறுப்பு உடையில், விறைப்பாக நிற்கிறார். எதிரே, கரையில் இருவர். ஒருவர் தலையில் கோபுரங்கள் கொண்ட மகுடம். அது மார்செய் நகரம். மற்றவர் தலைக்கவசம் அணிந்து, பொன் லில்லிகள் இட்ட நீல மேலாடை போர்த்தி, கைகளை விரித்து முன்னால் வருகிறார். அது பிரான்ஸ் நாடு, பெண்ணுருவில். கீழே கடல். கடல் தெய்வம் நெப்டியூனும் அவருடைய கூட்டமும், மூன்று கடற்கன்னிகளும். இந்தக் கன்னிகளுக்காக ரூபன்ஸ் பாரிஸில் இரண்டு பெண்களையும் அவர்களுடைய உறவுச் சிறுமியையும் மாதிரிகளாக ஏற்பாடு செய்யச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். படத்தில் அதிகம் உயிரோடு இருப்பவர்கள் அவர்கள்தான். அரசியைத் தேடி வருகிற கண் அவர்களிடம் நின்றுவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளோரன்ஸ் திருமணத்தில் ரூபன்ஸ் நேரில் இருந்தார், மாந்துவா கோமகனின் பரிவாரத்தோடு. மார்செய் வரவேற்பை அவர் பார்த்ததில்லை. பார்த்த திருமணத்தைத் தேவாலயத்துக்குள் ஓரளவு நடந்தபடியே வரைந்தவர், பார்க்காத வரவேற்பில் கடலையே கிளப்பிவிட்டார்.

முதல் வருகை: கவனித்தவை

அன்று ஏழாவது படத்தின் முன் வந்து நின்றபோது எல்லோருக்கும் கால் வலித்தது. அறையின் நீளமே களைப்பைத் தரும். இந்த 24 ஓவியங்களுக்கென்றே லூவரின் ரிஷெல்யூ பகுதியில் ஒதுக்கிய கூடம் அது. நான் மேலிருந்து கீழாகப் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். இது புகழ், இது நெப்டியூன், இது நகரம். யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்காததை, புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் மட்டும் தங்கள் போக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், ஒரு கடையில் மீன் வெட்டும் வேலை செய்பவர். கடற்கன்னி ஒருத்தியின் உடம்பில் வழியும் நீர்த்துளியையே உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தத் துளி இன்னும் காயவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசியிருக்கலாம். 1822இல் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தன் தாந்தே படகு ஓவியத்தில், உடல்களில் சொட்டும் நீரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று தனித்தனித் தீற்றல்களாக வைத்ததற்கு இந்தக் கன்னிகளின் துளிகள்தான் பாடம். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு அடுத்த உருவத்துக்குப் போனேன்.

மற்றவர், 67 வயது மூத்தவர். பின்னால் இருவரோடு சேர்ந்து, பெண் எந்தக் காலை எடுத்து வைக்கிறாள் என்று பட்டாடையின் மடிப்புகளுக்குள் தேடிக்கொண்டிருந்தார். வலது காலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. பிறகு என் கையைத் தொட்டு, நீல மேலாடைக்காரரைக் காட்டி, "பிள்ளை, இவர்தானே மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவர் குறைந்தார், கழிப்பறைக்குப் போனவர் வழி தவறியிருந்தார். "ஓம் அம்மா" என்றேன்.

எனக்கு அது தெரியாத விஷயம் அல்ல. இரண்டு நிமிடத்துக்கு முன்பு அந்த உருவத்தின் பெயரை நானே சொல்லியிருந்தேன். கேள்வி காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

பிழை வெளிப்பட்டது

அடுத்த வகுப்பில் எழுத்துப் பயிற்சி. எட்டுப் பேர் இந்தப் படத்தையே எடுத்துக்கொண்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை; புகழ்பெற்ற படங்கள் வேறு இருந்தன. எட்டுத் தாள்களில் ஆறில், அரசர் கை விரித்து அரசியை வரவேற்றார். மூத்தவரின் தாள் எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தது: அரசர் கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார், அவ்வளவு அவசரம். ஆசிரியை அதைப் பாராட்டிச் சுவரில் ஒட்டினார். பிழையை அவரும் கவனிக்கவில்லை. இறந்தகால வினைகளைத்தான் பார்த்தார்.

மூன்று நாள் கழித்து மீன்கடைப் பெண்ணின் மகள், நடுநிலைப்பள்ளியில் படிப்பவள், தாயின் தாளைப் படித்துவிட்டு, "அம்மா, அரசர் அன்று அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். செய்தி வகுப்புக்கு வரும் முன் தொலைபேசிக் குழுவில் பரவிவிட்டது. அடுத்த வகுப்புக்கு மூத்தவர் வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். கோபம் இல்லை, குரல் மட்டும் தட்டையாக இருந்தது. "நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன், பிள்ளை. பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிப்போட்டேன்." இளையவரிடம் "நீங்கள்" என்று பேசுவது ஈழத்தில் வழக்கம்தான். ஆனால் அன்றுவரை அவர் என்னை "நீர்" என்றே சொல்லி வந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியையும் நானும் உட்கார்ந்து பேசினோம். எங்கள் முன் இருந்த எளிய வழி, வகுப்பில் இரண்டு நிமிடத் திருத்தம்: நீல மேலாடைக்காரர் அரசர் அல்ல, பிரான்ஸ் நாடு, நன்றி. இதை விட்டுவிட்டோம். அப்படிச் செய்தால் ஆறு பேர் எழுதியது தப்பு என்பதுதான் எஞ்சும். தப்பு யாருடையது என்பது மறைந்துவிடும். தவிர, அவர்கள் பார்வை பிழையானது அல்ல. தலைக்கவசமும் அரச லில்லிகளும் அணிந்து, கை விரித்து மணப்பெண்ணை எதிர்கொள்ளும் உருவத்தை மாப்பிள்ளை என்று நினைப்பதுதான் இயல்பு. ரூபன்ஸ் அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் அந்த உருவத்தை அங்கே நிறுத்தினார் என்பது என் கருத்து. கணவன் வரவில்லை, நாடே வந்தது என்று சொல்வதைவிட வாய்ப்பான சமாளிப்பு அந்த அரசிக்கு வேறு என்ன இருந்திருக்கும்?

ஆகவே முதலில், பிழை என்னுடையது என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். மூத்தவர் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்து சொன்னேன். அவரை வரவழைக்க வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. சுவரில் இருந்த தாளை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டோம். ஆசிரியைக்கு அதை அப்படியே விட்டு, பக்கத்தில் குறிப்பு ஒட்ட ஆசை. மூத்தவர் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துக் கையில் கொடுத்தோம்.

பிறகு, மறுபடியும் லூவர் போவது என்று முடிவானது. இந்த முறை ஒரே கூடம், நான்கு படங்கள். பெயர்ப் பட்டியல் கிடையாது. முதல் பத்து நிமிடம் நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஆசிரியையின் நிபந்தனை. கடினமாகத்தான் இருந்தது.

இரண்டாம் வருகை

நான்கு படங்களையும் கதை வரிசையில் பார்த்தோம். முதலாவது, மரியின் உருவப்படத்தை ஹென்றிக்குக் காட்டும் காட்சி. திருமணத் தெய்வமும் மன்மதனும் படத்தைத் தூக்கிப் பிடிக்க, நரைத்த தாடிக்காரர் ஒருவர் கவசத்தோடு நின்று அதைப் பார்த்து மயங்குகிறார். "போட்டோ பார்க்கிறார்" என்று ஒரே குரலில் சிரிப்பு. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது மூத்தவர் அருகில் போய் நின்றார். அரசரின் முதுகுக்குப் பின்னால், தோளருகே, ஓர் உருவம். தலைக்கவசம், நீல ஆடை, பொன் லில்லி. திரும்பி மூன்றாவது படத்தைப் பார்த்தார். மறுபடி முதலாவதைப் பார்த்தார். "அங்கே நிற்கிறதும் இதுதான்" என்றார். "மாப்பிள்ளை இங்கே தனியாக நிற்கிறார். அது வேறு ஆள்."

இதற்காகத்தான் அந்தப் படத்தைச் சேர்த்திருந்தேன். ஆனால் அவர் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் வருகையின்போதும் இந்தப் படம் அதே கூடத்தில்தான் இருந்தது. நாங்கள் அதன் முன் நடந்து போயிருந்தோம்.

இரண்டாவது, புளோரன்ஸ் திருமணம். மோதிரம் போடுபவர் சித்தப்பா என்று கேட்டதும் ஒரு சலசலப்பு. கல்யாணம் செல்லுமா, செல்லாதா என்று இருவர் வாதாடினார்கள். மணப்பெண்ணுக்குப் பின்னால் சிலுவை பிடித்து நிற்பவர் ரூபன்ஸேதான் என்று சொல்வதுண்டு என்றேன்; "கல்யாண வீட்டுப் படம் எடுத்தவர் தானும் படத்தில் நின்றிருக்கிறார்" என்றார் ஒருவர்.

மூன்றாவதன் முன் நெடுநேரம் நின்றோம். இந்த முறை மாப்பிள்ளை எங்கே என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கினேன். போர், கடன், லியோன், எல்லாம் சொன்னேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் வேறொரு பெண்ணுக்கு அரசர் கல்யாண வாக்குறுதி எழுதிக் கொடுத்திருந்தது தெரிந்தும் சொல்லவில்லை. இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். யார் இதை வரையச் சொன்னார்கள், எப்போது என்று சொன்னபோது மூத்தவர், "அப்போ மகனுக்குக் காட்டத்தான்" என்றார். நான் அதுவரை அப்படிச் சுருக்கமாக யோசித்ததில்லை. 1625இல் கூடம் தயாரானபோது மகன் வந்து பார்த்தார். விளக்கம் சொன்ன பாதிரியார், படங்களின் உண்மைப் பொருளைச் சாமர்த்தியமாக மறைத்துச் சமாளித்தார் என்று ரூபன்ஸ் தன் நண்பருக்கு எழுதினார். தாய் பாரிஸை விட்டு அனுப்பப்பட்டதைக் காட்டிய படம் ஒன்று முன்பே எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ஆட்சியின் செழிப்பைக் காட்டும் புதுப் படம் வைக்கப்பட்டிருந்தது. கூடம் அவசரமாக முடிக்கப்பட்டதும் ஒரு கல்யாணத்துக்காகத்தான். மரியின் மகள், இங்கிலாந்து அரசர் முதலாம் சார்ல்ஸை 1625 மே மாதம் நோத்ர் தாம் தேவாலயத்தின் முன் மணந்தாள். அங்கேயும் மாப்பிள்ளை வரவில்லை; ஒரு பிரெஞ்சுக் கோமகன் அவர் இடத்தில் நின்றார்.

நான்காவது, லியோன் சந்திப்பு. அரசர் கழுகோடு ரோமானியத் தெய்வங்களின் அரசன் ஜூபிடராகவும் அரசி மயில்களோடு அவன் மனைவி ஜூனோவாகவும் மேகத்தில். அதன் முன் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை.

பின்விளைவு

இரண்டாம் முறை எழுதச் சொன்ன பயிற்சியில் நாங்கள் இன்னொரு பிழை செய்தோம். "நீங்கள் பிரான்சுக்கு வந்திறங்கிய நாளை எழுதுங்கள்" என்று ஆசிரியை கொடுத்தார். படத்தோடு பொருந்தும் என்று நானும் தலையாட்டினேன். ஏழு பேர் எழுதினார்கள். விமான நிலையம், குளிர், பெரிய ஜாக்கெட்டோடு வந்த கணவர். நான்கு பேர் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் வெற்றுத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். எல்லோரும் வரவேற்புக்கு வந்திறங்கியவர்கள் அல்லர். எந்த வழியில், எத்தனை நாடு கடந்து வந்தோம் என்பதைச் சிலர் அதிகாரிகளிடம் பலமுறை சொல்லிக் களைத்தவர்கள். வகுப்பில் அதே கேள்வியைப் படம் என்ற பெயரில் கேட்டிருக்கிறோம்.

அன்றே பயிற்சியைத் திரும்பப் பெற்றோம். பதிலாக, படத்தில் இல்லாத ஒருவர் எழுதும் கடிதம் என்று மாற்றினோம். 11 பேரும் எழுதினார்கள். மூத்தவர் அரசர் சார்பில் மூன்று வரி எழுதினார்: "இங்கே சண்டை நடக்கிறது. டிசம்பரில் வருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு." ஒரு வினையை மட்டும் ஆசிரியை திருத்தினார். சுவரில் ஒட்டலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார், பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

இனி மாற்றுவது

ஒரு வருகைக்கு நான்கு படங்களுக்கு மேல் இல்லை. தலை எண்ணுவதற்குத் தனியாக ஓர் ஆள் இருப்பார். விளக்குபவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அவசரத்தில் கேட்கப்படும் கேள்விக்கு, "பொறுங்கள், வந்து சொல்கிறேன்" என்பதே பதில். உருவகப் பாத்திரங்கள் உள்ள படம் என்றால், அதே பாத்திரம் வரும் இன்னொரு படத்தை முதலில் காட்டுவோம். வந்திறங்கிய கதையை யாரிடமும் கேட்பதில்லை. தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

முடிவாகாத ஒன்று உண்டு. அரசர் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குறுதியை நான் சொல்லாமல் விட்டது பிறகு தெரியவந்தது. இதையும் அந்தப் பள்ளிச் சிறுமிதான் தேடிப் படித்திருக்கிறாள். "எங்களுக்கு மனவருத்தம் வரும் என்று விட்டீர்களா?" என்று மீன்கடைப் பெண் கேட்டார். ஓம் என்றேன். இந்த முறை கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். அடுத்த குழுவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் ஆசிரியையும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மீன்கடைப் பெண் அடுத்த வருகைக்குத் துணையாளராக வருகிறார். நீர்த்துளியில் இருந்து தொடங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.